ஆணியில் தொங்கிய கார் சாவி

1

இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு இரண்டு பச்சை அட்டைகள் தபாலில் வந்தன. நம்மூர் எல்.எல்.ஆர். மாதிரி, கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு இங்கிலாந்தில் கொடுக்கிற அட்டை. ஒன்று என் மகள் யாழினிக்கு. அவளுக்கு இப்போதுதான் பதினேழு நடக்கிறது. இன்னொன்று எனக்கு. எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, அட்டையில் உள்ள படத்தில் அதைவிடவும் கூடுதலாகத் தெரிகிறது.

யாழினி இரண்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்துப் படமெடுத்துக் கப்பலில் வேலை பார்க்கிற அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் ஆறு மாதம் கடலிலும் மீதி நாள் எங்களோடும் இருப்பவர். "வீட்டுல ரெண்டு எல் போர்டா? அப்போ நான் கடல்லயே இருந்துக்கிடுதேன்" என்று பதில் வந்தது. யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

இந்த அட்டையை நான் வாங்குவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை வாங்கி, பலமுறை டெஸ்டில் தோற்று, ஒருவழியாக லைசன்ஸ் எடுத்து, அதை இரண்டு வருடம்கூட முழுசாக வைத்திருக்கக் கொடுத்துவைக்கவில்லை. போன வருடம் பிடுங்கிக்கொண்டார்கள். குடித்துவிட்டு ஓட்டவில்லை, வேகமாக ஓட்டவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு நான் வண்டியே ஓட்டவில்லை, வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் நாகலாபுரம். விளாத்திகுளம் பக்கம். மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. என் அப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அதன் சாவி வாசல் நிலைக்கு உள்பக்கம், தினசரிக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். யாருக்கு அவசரமோ அவர்கள் படியேறி வந்து, "அண்ணாச்சி, வண்டிய எடுத்துக்கிடுதேன்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அப்பா குளித்துக்கொண்டிருந்தால் அங்கிருந்தே, "எடுத்துக்கோ, ரெண்டாவது கியர் இறுக்கமா இருக்கும், பாத்து" என்பார். யார் என்றுகூடக் கேட்க மாட்டார். குரலே போதும்.

பிரசவம், பாம்புக்கடி, பெண் பார்க்கப் போவது, கோவில்பட்டியில் இறங்கும் மாப்பிள்ளையைக் கூட்டிவருவது என்று அந்த ஜீப் எங்களுக்கு ஓடியதைவிட ஊருக்கு ஓடியது அதிகம். ஒரு வழக்கம் மட்டும் உண்டு. வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் சாவியை வெறுமனே மாட்டிவிட்டுப் போகக் கூடாது. சாவியோடு ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலமாவது வரும். கடம்பூர் வழியாக வந்தவர்கள் என்றால் போளி வரும். சாவி ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டால் நானும் அண்ணனும் படிப்பை விட்டுவிட்டு ஓடுவோம்.

கேட்டவருக்குச் சாவி இல்லையென்று சொன்ன வீடு என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அந்தப் பெயர் போகவே போகாது. அப்படி ஒரு வீடு எங்கள் தெருவிலும் இருந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தும்கூட ஊர் அதைப் பேசிக்கொண்டுதான் இருந்தது.

இங்கே கார் வாங்கிய அன்றைக்கு முதல் வேலையாக வாசல் கதவுக்கு உள்பக்கம் ஆணி அடித்தேன். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று யாழினி சொன்னாள். ஏழு வயதில் இங்கே வந்தவள், இந்த ஊர்ச் சட்டமெல்லாம் அவளுக்குப் பாலபாடம். ஒரு ஆணிக்கு அனுமதியா என்று கேட்டுவிட்டு நான் அடித்தேன்.

3

கருப்பசாமி கடம்பூர்ப் பையன். புதியம்புத்தூரில் தைக்கிற ரெடிமேட் துணி மூட்டைகளை வேனில் ஏற்றி மதுரைக்கும் திருச்சிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் மனைவி மாரியம்மாளுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவோடு ஒட்டிக்கொண்டு இவனும் வந்தான். ஒரு நாள் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால், "ஏட்டி, இதெல்லாம் முத்தலு" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டேன். அதோடு நான் அக்கா ஆகிவிட்டேன், அவன் தம்பி ஆகிவிட்டான்.

நான் நர்ஸ். வெகுகாலம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். லைசன்ஸ் எடுத்த பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை கிடைத்தது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத வயசாளிகளைத் தேடிப்போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற வேலை. பெரும்பாலும் கால் புண்கள். கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. லைசன்ஸ் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பெயரையே கேட்டார்கள்.

மாரியம்மாள் முழுகாமல் இருந்தாள். யாரோ பழைய தொட்டில் ஒன்றைச் சும்மா தருவதாகச் சொன்னார்கள், நாம்தான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கருப்பசாமி வந்து நின்றான்.

"அக்கா, வண்டிய எடுத்துக்கிடட்டுமா? போயிட்டு உடனே வந்துருதேன்."

எங்கள் வாசலில் கேட்ட அதே வாக்கியம். இத்தனை வருடம் கழித்து, இத்தனை தூரத்தில். உண்மையைச் சொன்னால் எனக்கு ஊருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது. "எடுத்துக்கோ தம்பி, ஆணியில இருக்கு பாரு" என்றேன். அடுப்படியிலிருந்து வெளியே வரக்கூட இல்லை, அப்பா மாதிரியே.

மதியத்துக்கு முன் போன் வந்தது.

"அக்கா, லேசா தட்டிட்டு. ஒண்ணுமில்ல, நீங்க பதறாதீங்க. போலீஸ்காரம்மா மட்டும் நிக்காவ."

4

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், சூப்பர் மார்க்கெட்டுக்கு முன்னால் உள்ள ரவுண்டானா. குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். என் காரின் முன்பக்கம் ஒரு சின்ன சிவப்புக் காரின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பின் ஸீட்டில் தொட்டிலின் வெள்ளைக் கம்பிகள் தெரிந்தன. சிவப்புக் காரின் சொந்தக்காரி, டோரீன் என்று ஒரு வயதான பெண்மணி, பிடரியில் கையை வைத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கருப்பசாமி அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தான். "நோ ப்ராப்ளம் மேடம், வீ வில் அட்ஜஸ்ட்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதற்கு நம்மூர் வேன் டிரைவர்களின் இங்கிலீஷ் அதுதான். டோரீனுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், எதைச் சரிப்படுத்தப் போகிறான் என்று காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரி சின்னப் பெண். நல்ல பெண் என்றுதான் இப்போதும் சொல்வேன். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். இது உங்கள் காரா? இவர் ஓட்டிக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியுமா? உங்கள் அனுமதியோடுதான் எடுத்தாரா?

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். வெளியூர்க்காரன், வேறொருவர் பெயரில் உள்ள கார், திருட்டு வண்டியோ என்று சந்தேகப்படுகிறாள். என் தம்பியையா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: ஆமாம், சாவி நான்தான் கொடுத்தேன். எனக்குத் தெரிந்துதான் எடுத்தான். இவன் என் தம்பி.

கூடப் பிறந்த தம்பியா என்று கேட்டாள்.

"அதைவிட மேல்" என்றேன். அந்த இங்கிலீஷ் வாக்கியம் எனக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது.

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு முகத்தில் ஒரு வருத்தத்தோடு இரண்டு பேரையும் பார்த்துச் சட்டப்படி எச்சரிக்கை சொன்னாள். அவன் மேல் வழக்கு, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு. என் மேலும் வழக்கு, இன்சூரன்ஸ் இல்லாத ஆளை ஓட்ட அனுமதித்ததற்கு.

நம்மூரில் இன்சூரன்ஸ் வண்டிக்கு. வண்டிக்குக் கட்டிவிட்டால், லைசன்ஸ் உள்ள யார் கையில் கொடுத்தாலும் செல்லும். இங்கே ஆளுக்கு. பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் ஓட்டினால்தான் அது இன்சூரன்ஸ் உள்ள கார். அடுத்தவர் உட்கார்ந்த நிமிடமே அதே கார் இன்சூரன்ஸ் இல்லாத கார். கருப்பசாமியின் நம்மூர் லைசன்ஸ் இங்கே முதல் ஒரு வருடம் செல்லும், அதில் குறையில்லை. பாலிசி எடுக்கும்போது, வேறு யாராவது ஓட்டுவார்களா என்று போனில் கேட்டார்கள். இல்லை என்றேன். கருப்பசாமி அப்போது கடம்பூரில் இருந்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தெரியாது என்பது இங்கே பதில் இல்லையாம். காரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கருப்பசாமி தொட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டான், நான் அதன் மெத்தையை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் நடந்து வந்தோம்.

5

நான் அப்படி நிமிர்ந்து நின்று சொன்னதற்கு ஒரு முன்கதை உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். பக்கத்து வீட்டுச் சண்முகராஜ் தன் தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக எங்கள் ஜீப்பை எடுத்தார். ஊர் எல்லையில் ரோடு திரும்புகிற இடத்தில் வேலிக்கருவை இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு நிற்கும். சுடலை என்கிற ஆடு மேய்க்கிறவர் மந்தையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். ஆடுகளுக்காக ஒடித்தார் சண்முகராஜ், ஜீப் ஆள்மேல் ஏறிவிட்டது.

கூட்டம் கூடிவிட்டது. சுடலையின் சொந்தக்காரர்கள் கம்போடு வந்தார்கள். சண்முகராஜை அடிக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்து அப்பா போட்ட பனியனோடு ஓடினார், பின்னாலேயே நானும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நின்று சொன்னார்:

"சாவி நான்தான் குடுத்தேன். வண்டி என் வண்டி. என்ன பேசணும்னாலும் என்கிட்ட பேசுங்க. அவன் மேல கைய வைக்காதீங்க."

கம்புகள் இறங்கின. அந்த ஒரு வார்த்தையை எங்கள் ஊர் பிறகு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆம்பளைன்னா அவருதான், நழுவாம நின்னாரு பாத்தியா என்று கடையிலும் கம்மாய்க்கரையிலும் பேசுவார்கள். எனக்கும் அண்ணனுக்கும் தலை கிறுகிறுக்கும் அளவுக்குப் பெருமை.

ஜீப்புக்கு அப்போது இன்சூரன்ஸ் இல்லை. மழை பொய்த்த வருடம். உளுந்தும் போச்சு, மிளகாயும் போச்சு. அப்படிப்பட்ட வருடத்தில் முதலில் நின்றுபோவது இன்சூரன்ஸ்தான். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்தப் பக்கம் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடின. அது இருந்திருந்தால் சுடலை கோவில்பட்டி கோர்ட்டில் ஒரு மனு போட்டுக் கம்பெனியிடமிருந்து காலுக்கும் இழந்த பிழைப்புக்கும் சேர்த்து வாங்கியிருக்கலாம். இல்லாததால் பேசி முடித்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவை அப்பாவும் சண்முகராஜும் பார்த்துக்கொண்டார்கள். புது வேட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கால் கோணலாகக் கூடிவிட்டது, கூடவே ஆறாத புண். அம்மா கொடுத்தனுப்பும் பாலை நான்தான் தூக்குவாளியில் கொண்டுபோவேன். அவர் மனைவி வேப்பிலைத் தண்ணீரில் புண்ணைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆட்டுக்குப் பின்னால் அவரால் நடக்க முடியவில்லை. மந்தையை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு, அடுத்தவர் புஞ்சைக்குக் காவலிருக்கப் போனார். கேஸ் போடச் சொல்லி யாரோ சொன்னபோது, "அண்ணாச்சி மேல கேசா? அவரு பாவம், என்ன செய்வாரு" என்று சொல்லிவிட்டாராம். கேஸ் போட்டிருந்தால் எங்கள் புஞ்சை போயிருக்கும். அதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவின் வார்த்தையைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருந்தது, சுடலையின் காலை இல்லை.

6

விபத்துக்கு இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளும் போலீஸ்காரி கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். அனுமதியோடு எடுத்தாரா, அனுமதி இல்லாமலா? அனுமதி இல்லாமல் என்றால் அது வேறு வழக்கு, நீங்கள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும், உங்கள் மேல் ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

யாழினி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் எல்லாவற்றையும் இணையத்தில் படித்து முடித்திருந்தாள்.

"அம்மா, இதுக்கு லைசன்ஸ்ல ஆறு தண்டனை பாயின்ட் போடுவாங்க. லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருஷத்துக்குள்ள ஆறு வந்தா லைசன்ஸ் கேன்சல். உன் வேலையும் போயிடும். அவர் கேக்காம எடுத்தார்னு சொல்லு."

"போலீஸ்கிட்ட சொல்லியாச்சே."

"உனக்கு இங்கிலீஷ் சரியா வராது, கேள்வி புரியாம ஆமான்னு சொல்லிட்டேன்னு சொல்லலாம். நம்புவாங்க."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கரண்டியை மேஜையில் போட்டேன். இந்த இங்கிலீஷுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? கோவில்பட்டியில் பகலில் வேலையும் மாலையில் பரீட்சை வகுப்புமாக அலைந்து, மார்க் வாங்கி, இங்கே வந்து வார்டில் பெயர்களைத் தப்பாகச் சொல்லிச் சிரிப்பு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தவள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு இங்கிலீஷ் கேள்வி முழுசாகப் புரிந்து, முழுசாகப் பதில் சொன்னேன். அதைப் போய்ப் புரியவில்லை என்று சொல்ல வேண்டுமாம்.

"நான் உனக்காகத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. எனக்காகத்தான் சொன்னாள். ஒருவர் சாவி கேட்டால் கொடுப்பது என்பது அவளுக்குப் பாஷை தெரியாத ஊர்ச் சமாச்சாரம். அந்த ஊரை அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதது யார்?

அடுத்த நாள் கருப்பசாமியே வந்தான், கூட மாரியம்மாளும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான்.

"அக்கா, யாழினிப் பாப்பா எல்லாத்தையும் மெசேஜ்ல சொல்லிச்சு. நான் கேக்காம எடுத்தேன்னு சொல்லிருங்க. நானும் அப்படியே சொல்லிருதேன். எனக்கென்ன, ஊருக்குப் போய் வேன் ஓட்டிக்கிடுவேன்."

மாரியம்மாள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கேட்காமல் எடுத்தான் என்றால் அது திருட்டு மாதிரி. விசாவில் இருக்கிறவன் மேல் அப்படி ஒரு வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் மனசு ஒரு நிமிடம் ஆடியது. மறைக்க ஒன்றுமில்லை. நான் கட்டுப்போடப் போகிற வீடுகள் வரிசையாகக் கண்ணில் வந்தன. அவன் போய்விட்டால் கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றும் தோன்றியது. பிறகு அவன் சொன்ன வார்த்தையே காதில் விழுந்தது. கேட்காமல் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன் என்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று கேட்டானே, அதைக் கேட்டுத்தானே எனக்கு ஊருக்கே போன மாதிரி இருந்தது.

"ஏலே, நீ கேட்டியா கேக்கலயா?"

"கேட்டேன்க்கா."

"நான் குடுத்தனா இல்லையா?"

"குடுத்தீங்க."

"அப்போ சவத்த விடு. உள்ள வா, காப்பி குடி. மாரி, நீ ஏன் நிக்க, உக்காரு."

கோர்ட்டுக்குக் குற்றத்தை ஒத்துக்கொள்கிற பதிலை இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. யாழினிதான் தட்டச்சு செய்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாள். கருப்பசாமியைப் பற்றி 'குடும்ப நண்பர்' என்று போட்டிருந்தாள். தம்பி என்று போடு என்றேன். சட்டப்படி அது சரியில்லை என்றாள். கொஞ்சநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளாகவே மாற்றினாள்.

7

லைசன்ஸ் போனது. வேலையும் போனது என்று சொல்ல முடியாது, கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள். நான் வீடு தேடிப் போனவர்களில் நடக்க முடிந்தவர்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வேறு யாரோ போகிறார்கள். பஸ்ஸுக்காக மழையில் நின்றுகொண்டு அவர்களை நினைத்துக்கொள்வேன். மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் பச்சை அட்டையிலிருந்து தொடங்க வேண்டும்; ஒரு வருடம் நான் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. வீம்புதான், வேறென்ன.

கருப்பசாமிக்கும் அபராதம், பாயின்ட் எல்லாம் உண்டு. ஆனால் அவன் இருக்கிறான். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அந்தத் தொட்டிலில் இப்போது ஒரு பெண் குழந்தை படுத்திருக்கிறது.

டோரீனுக்குப் பிடரி வலி பல மாதம் இருந்ததாம். இன்சூரன்ஸ் இல்லாத ஆள் ஓட்டினார் என்பதற்காக அவரை நடுத்தெருவில் விடவில்லை. என் கம்பெனியே அவர் காரைச் சரிசெய்து, வைத்தியமும் பார்த்து, பிறகு எங்களிடம் வசூலிக்க வந்தது. நானும் கருப்பசாமியும் மாதாமாதம் கட்டுகிறோம். முதலில் ஆத்திரமாக இருந்தது. ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. இன்சூரன்ஸ் என்னைக் காப்பாற்றுவதற்கு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்காக இல்லை. ரோட்டில் போகிற, எனக்கு யாரென்றே தெரியாத ஒருவருக்காக. எங்கள் அப்பா சண்முகராஜுக்காக முன்னால் நின்றார், நான் கருப்பசாமிக்காக நின்றேன், இரண்டிலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அடிபட்டுக் கீழே கிடந்தவருக்காக எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் நிற்கவில்லை. அதை நினைத்துப் பஸ்ஸிலேயே அழுதேன். பக்கத்து ஸீட்டுக்காரர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

8

பச்சை அட்டை வந்த அன்று அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறான். ஜீப் போய்க் கார் வந்திருக்கிறது. வீடியோவில் அவன் தலைக்குப் பின்னால் காலண்டரும் பக்கத்து ஆணியில் சாவியும் தெரிந்தன.

"அண்ணே, வண்டிக்கு இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கா?"

"போன மாசம் முடிஞ்சிட்டு. கட்டணும். கொத்தமல்லி வித்துட்டுக் கட்டலாம்னு இருக்கேன்."

"வண்டி ஓடுதா?"

"ஓடாம? நேத்துகூடக் கோவில்பட்டிக்கு ஆஸ்பத்திரிக் கேசு, நம்ம தெருப் பயதான் எடுத்துட்டுப் போனான். இந்தா போளி இருக்கு, நீதான் இல்ல."

"அந்தச் சாவிய எடு அண்ணே."

"எதுக்கு?"

"எடுத்து உள்ள வையி. இன்சூரன்ஸ் கட்டிட்டு மறுபடி மாட்டு. கட்டுனப்புறம் யாருக்கு வேணாலும் குடு, நான் வேண்டாங்கல."

"ஏட்டி, ஊர்க்காரன் வந்து கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லுவேன்? அப்பா இருந்து கேட்டா என்ன சொல்லுவாரு?"

"சுடலையண்ணாச்சியக் கேளு, அவரு என்ன சொல்லுதாருன்னு."

நான் கோபத்தில் சொன்னேன். அண்ணன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அவரு இங்கனதான் இருக்காரு. மல்லிக்குக் காவல் நம்ம புஞ்சையிலதான். சாப்பிட வந்துருக்காரு. இந்தா, நீயே பேசு" என்று போனைத் திருப்பிவிட்டான்.

சுடலை அண்ணாச்சிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. சுவரில் சாய்ந்து, அந்தக் காலை மட்டும் நீட்டி உட்கார்ந்திருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டதால் எனக்கு அவர் காதுதான் தெரிந்தது. எத்தனையோ வருடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"கால் கெடக்கு தாயி. அத விடு. நீ எப்படி இருக்க? லைசன்ச பறிச்சிட்டாங்களாமே, ஒங்க அண்ணன் சொல்லுதான். வேலைக்கு எப்படிப் போற?"

"பஸ்ல போறேன். கொஞ்சம் நடக்கணும்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. ச்சு ச்சு என்றார். நான் சின்னப் பிள்ளையாகத் தூக்குவாளியோடு நின்ற நாளில் பேசிய அதே குரலில், அவ்வளவு இரக்கத்தோடு சொன்னார்:

"வருத்தப்படாத தாயி. முதல்ல கொஞ்ச நாளுதான் கஷ்டமா இருக்கும். நடக்கது பழகிரும்."